நாலாம் மாடிக்கு எண்பது படி

நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். ஊரில் பாதிப் பேரைக் கால் நோகாமல் மேலே ஏற்றிவிட்டவர், தான் ஒருநாளும் படி ஏறியதில்லை. எழுபத்தொரு வயதில் உடம்பு அதற்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்னால் தள்ளிய தொப்பை. "நடக்கலைன்னா உங்க இதயம் ரொம்ப நாள் தாங்காது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதைவிட அவரை வதைத்தது எதிர்வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற தபால்காரர், எண்பத்திரண்டு வயது, தனி ஆள். நாலாம் மாடிக்கு எப்போதும் படியில்தான் வருவார். "அவரைப் பாருங்க, அவரைவிடப் பதினொரு வயசு சின்னவர் நீங்க" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் மெக்கானிக்குக்கு வயிறு எரியும். அந்த மனுஷனுக்கு ஒரு மூட்டுவலியாவது வரக்கூடாதா என்று மனதார வேண்டிக்கொள்ளும் ரகப் பொறாமை அது.

ஒருநாள் ரோஷம் வந்து, "நானும் ஏறிக் காட்டுறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கீழே போனார். பாதியில் மனசு மாறி லிஃப்டுக்குள் நுழைந்துவிடுவோமோ என்று தன்னையே நம்பாமல், பழைய சாவியைப் போட்டு லிஃப்டை நிறுத்தினார்.

இரண்டாம் மாடியில் மூச்சு முட்டியது, கண் இருட்டியது. அப்படியே படியில் உட்கார்ந்தார். லிஃப்டை நிறுத்திய புண்ணியவானைத் திட்டவும் வழியில்லை, சாவி அவர் பையிலேயே இருந்தது.

பார்க்கக் கூடாத ஆள்தான் கீழிருந்து வந்தார். தபால்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கென்ன, நூறு வயசு இருக்கணும்னு ஏறுறீங்க" என்று மெக்கானிக் வெடுக்கென்று சொன்னார்.

தபால்காரர் சிரித்தார். "ஆயுசுக்கா? வீட்டுல பேச ஆளில்ல சார். லிஃப்டுல போனா அரை நிமிஷத்துல பூட்டின கதவு வந்துடும். படியில வந்தா நாலு பேரைப் பார்க்கலாம்."

ஏழு நிமிஷம் பேசினார்கள். பிறகு மாடிக்கு மாடி நின்று மேலே வந்தார்கள். மனைவி முதல் டம்ளர் தண்ணீரைத் தபால்காரரிடம்தான் நீட்டினாள்.

மறுநாள் லிஃப்ட் ஓடியது. ஆனாலும் மெக்கானிக் கீழிருந்து நின்று நின்று ஏறி, அதே இரண்டாம் மாடிப் படியில் வந்து உட்கார்ந்து காத்திருந்தார். கீழே தபால்காரரின் குரல் கேட்டது. முதல் மாடி டீச்சரம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம், எட்டு, பன்னிரண்டு. நம்மிடம் ஏழுதானே பேசினார் என்று நினைத்ததும் மறுபடியும் வயிறு எரிந்தது.

எழுந்தார். திரும்ப ஏற வேண்டுமே என்ற நினைப்பே இல்லாமல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கினார்.