வெப்சைட் தம்பிக்கு வந்த போட்டி

கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, "பார்க்க நல்லாத்தான் மினுக்குது, வேலை செய்யணுமே" என்கிறார். மென்பொருளைக் காட்ட வந்திருப்பது மூன்றாவது கம்பெனி. முந்தைய இரண்டுக்கும் இதே பிதுக்கல்தான்.

பல கிளைகள் கொண்ட பெரிய ஆஸ்பத்திரியின் இணையதளத்தைக் கவனிப்பவர் இவர். எல்லோருக்கும் 'வெப்சைட் தம்பி'. பார்வையாளர் நேரம் மாறினாலும் டாக்டர் விடுப்பில் போனாலும், இவர் கைபட்டால்தான் இணையத்தில் மாறும். "எம் புள்ள கை வைக்கலைன்னா அந்த ஆஸ்பத்திரியில ஓர் எழுத்து அசையாது" என்பார் அப்பா, பார்ப்பவரிடமெல்லாம். குடும்பத்தில் முதல் பட்டதாரியான இவர், அந்தப் பேச்சை ஒருநாளும் தடுத்ததில்லை.

இப்போது அந்தந்தப் பிரிவே தன் பக்கத்தைத் திருத்திக்கொள்ளும்படி ஒரு மென்பொருள் வேண்டுமாம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் இவர் தலையில். தன் இடத்துக்குத் தானே ஆள் பார்க்கும் வேலை! அதனால் குடைகிறார்.

"ஒரு டாக்டர் பேரை இங்க மாத்தினா எல்லாக் கிளையிலயும் மாறுமா?"

மாறுகிறது.

"யாராவது தப்பா மாத்திட்டா?"

பழையது திரும்பி வருகிறது.

"நாளைக்கே வரவேற்பறை டிவியிலயும் காட்டணும்பாங்களே?"

அதே தகவல் அங்கேயும் ஓடும் என்கிறாள் விளக்க வந்த பெண். அவள் சிரிப்பு மாறவில்லை. இவர் முகம்தான் சுண்டிப்போகிறது.

நிர்வாகியோடு பார்க்க வந்திருந்த ஹெட் நர்ஸ் அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது. ஒற்றை விரலால் தட்டிப் பார்வையாளர் நேரத்தை மாற்றிப் பார்க்கிறார். மாறிவிட்டது.

"அட, இவ்வளவுதானா! இதுக்கா தம்பி உன்னைத் தாஜா பண்ணிக்கிட்டுத் திரிஞ்சேன்? காபி வேற வாங்கிக் குடுத்தேனே!"

அறையே சிரிக்கிறது. இவரும் பல்லைக் காட்டுகிறார். காது மட்டும் சிவந்து கிடக்கிறது.

"நீ என்னப்பா சொல்றே?" என்கிறார் நிர்வாகி. ஒரே ஒரு குறை சொன்னால் போதும், கழித்துவிடுவார்கள். இவரும் வாயைத் திறக்கிறார். படித்த படிப்பு பொய் சொல்ல விடமாட்டேன் என்கிறது.

"இதையே எடுத்துக்கலாம் சார்."

அக்கா அதற்குள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிவிட்டார். "போட்டோ எப்படிம்மா போடறது? இனிமே உன்கிட்டயே கேட்டுக்கிறேன்."

இவர் எழுகிறார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், இருவருக்கும் நடுவில் இடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.