ஒரே கூரை, இரண்டு கட்டம்

வரி அலுவலகத்தில் அவரை ‘ஏணி மேடம்’ என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் நாற்காலியைத் தேய்த்தவர். வீட்டுக்கும் தொழிலுக்கும் சோலார் தகடு போடுகிறவர்களுக்கு வரிச்சலுகை என்று அரசு அறிவித்தபோது, தகடு உண்மையிலேயே மேலே இருக்கிறதா என்று ஏறிப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஒருவர் மூட்டுவலி என்றார், இன்னொருவர் தலைசுற்றல் என்றார். நாற்பத்தேழு வயதில் இவர் கையைத் தூக்கினார்.

“ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டவே உனக்குக் கை நடுங்குமே,” என்றார் கணவர்.

நடுங்கத்தான் செய்தது. முதல் மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். பிறகு பழகிவிட்டது.

ஆட்களுக்கு வாசலில் ஒரு முகம், மொட்டை மாடியில் ஒரு முகம் என்பது மூன்று வருடத்தில் அவருக்குப் புரிந்துபோனது. பளபளவென்று நிற்கும் துணிக்கடையின் தலையில் உடைந்த நாற்காலிகள் குவிந்து கிடக்கும். நாற்பது தகடு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், மேலே இருபத்தாறுதான் இருக்கும். அப்படிப்பட்ட விண்ணப்பங்களை அவர் தயவுதாட்சண்யம் பார்க்காமல் தள்ளிவிடுவார். அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை. குழப்பம் வந்தது பல்செட் செய்கிறவர் வீட்டில்.

அது ஒரு குறுகிய தெருவின் கடைசி வீடு. கீழே பட்டறை, மேலே குடும்பம். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து அவர் பல்செட் செய்துகொடுத்தார். அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூலையில் சின்ன மின்சூளை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கரண்ட் போய்விட்டால் உள்ளே வேகும் பற்கள் அத்தனையும் பாழ். தகடு போட்டதே அதற்காகத்தான்.

மேலே எல்லாம் சரியாக இருந்தது. எட்டுத் தகடு, எட்டும் துடைத்து வைத்தபடி. இறங்கும்போது மேடத்தின் கண் வயரைப் பின்தொடர்ந்தது. வயர் நேராகப் பட்டறைக்குள் போனது. விண்ணப்பத்திலோ ‘வீடு’ என்ற கட்டத்தில்தான் டிக் இருந்தது. தவறான தகவல் என்று அறிக்கை போனால் சலுகை கிடையாது, மூன்று வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

“ஏன் வீடுன்னு போட்டீங்க?” என்று கேட்டார்.

“பகல்ல கீழ வேலை பாக்குறேன், ராத்திரி மேல படுக்குறேன். ரெண்டு கட்டத்துலயும் டிக் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது மேடம். அதான் தூங்குற இடத்தைப் போட்டேன்.”

தகடு விற்றவன், போட்ட பணத்தில் பாதி திரும்பி வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறான். அதை நம்பி மனைவியின் வளையல் போயிருந்தது. சலுகை என்பது கட்டவேண்டிய வரியில் கழிவதுதான் என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வீட்டுக் கணக்கில் அந்த ஒரு வருட வரியில் எவ்வளவு கழியுமோ அவ்வளவுதான், மிச்சம் காலாவதி. இவர் கட்டும் வரியோ கொசுறு மாதிரி. தொழில் என்று போட்டிருந்தால் ஐந்து வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டிருக்கலாம். மேடம் இதை விளக்க, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பல்செட்காரர் மெதுவாகச் சொன்னார்: “அஞ்சாறு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அதுக்கும் பல்லு வேணுமே மேடம்.” இருவரும் சிரித்தார்கள்.

அன்று முழுக்க அது மேடத்தின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பெரிய கூரைக்காரனுக்குப் பெரிய வரி, அதனால் பெரிய சலுகை. வரியே கட்ட முடியாதவனுக்கு வெயில் மட்டும். சட்டம் அப்படி. அதை மாற்ற ஏணி போதாது. ஆனால் இந்த மனிதர் பொய் சொன்னாரா? அதற்குப் பதில் சொல்லவேண்டியது தாம்தானே என்று தோன்றியது.

மறுநாள் பார்த்ததை அப்படியே எழுதினார். சூளை, வயர், மேலே இரண்டு அறைகள், எதையும் விடவில்லை. கடைசியில், ‘விண்ணப்பதாரர் எதையும் மறைக்கவில்லை, அவர் உண்மையைச் சொல்லப் படிவத்தில் இடம் இல்லை’ என்று முடித்தார்.

பிரிவு அதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

“என்னம்மா இது, அறிக்கையா கதையா? சரின்னோ தப்புன்னோ ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது.”

“பொய்னு எழுதச் சொன்னா எழுதறேன் சார். எந்த வரியில பொய் சொன்னார்னு மட்டும் காட்டுங்க.”

அதிகாரி படிவத்தை இரண்டு தடவை புரட்டினார். பிறகு கோப்பை மேலிடத்துக்கு அனுப்பினார்.

ஐந்து மாதம் அது எங்கெங்கோ தூங்கி எழுந்தது. பட்டறைக்குப் போகும் மின்சாரத்தின் அளவுக்குத் தொழில் என்று மறுபடி விண்ணப்பிக்கலாம் என உத்தரவு வந்தது. கூடவே ஏணி மேடத்துக்கு ஒரு குறிப்பாணை: பார்ப்பதுதான் அவர் வேலை, கருத்துச் சொல்வது அல்ல. அவர் படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பல்செட்காரருக்குப் பாதி திரும்பவில்லை, ஐந்து வருடத்தில் கால்வாசி கழியும். வளையல் அளவுக்கு வராது, ஆனாலும் சூளை நிற்கவில்லையே என்றாராம்.

கணவர் ஒருநாள் கேட்டார்: “ஊர்க் கூரையெல்லாம் ஏறுற. நம்ம வீட்டுக்கு எப்ப?”

“கூரை நம்மளது இல்லையே. வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அந்தப் படிவத்துல கட்டமே கிடையாது.”

சொன்னாரே தவிர, அது அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார்: தகடு நீங்கள் போடுங்கள், சலுகை உங்களுக்கு, குறைகிற கரண்ட் பில்லில் பாதியை வாடகையோடு சேர்த்துத் தருகிறோம். பத்து நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. ஆணி அடித்தால் கூரை ஒழுகாதா என்று கேட்டிருந்தார்.

முந்நூறு கூரை ஏறிப் பார்த்தவர் ஏணி மேடம். பதில் நான்கு பக்கம் போனது.