ஐஸ்பெட்டியில் நாலு வளையங்கள்

மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் அரைக் கட்டை, அதாவது அரை மைல், போனால் இடது கைப்பக்கம் வாகனம் திருத்துகிற ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. சுமித்திராவிடம் கொண்டுபோ என்றால் வாகனக்காரர்களுக்கு விளங்கும்.

சுமித்திராவின் தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, வன்னியில் காடு வெட்டி மிளகாய் வைத்தவர்கள். மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மெசின் நின்றுபோனபோது திருத்த ஆள் கிடைக்கவில்லை. பதினைந்து வயதுச் சுமித்திரா தானே கழற்றினாள். பூட்டி முடித்தபோது இரண்டு நட்டுகள் மிஞ்சின. மெசின் ஓடியது. அதற்குப் பிறகு எந்த எஞ்சினைக் கண்டும் அவள் பயந்ததில்லை. இப்போது வயது நாற்பத்திரண்டு.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, கொக்கிளாய்க் கிறிஸ்தோப்பர் தன் பழைய ஒஸ்ரின் ஏ40 காரை நீலப் புகையோடு கொண்டுவந்து நிறுத்தினார். இடுப்பு நோவால் கடல் தொழிலை விட்டவர். அந்தக் கரையில் கலியாணத்துக்குக் கோயிலுக்குப் போகிற பெண்கள் அனேகமாக அவருடைய காரில்தான் போனார்கள். அவருடைய சீவியமும் அதில்தான் போனது.

"இழுக்குதில்லை பிள்ளை. நாலு பேரை ஏத்தினா மாடு மாதிரி மூச்சு வாங்குது. ஆனா சத்தம் மட்டும் நல்ல சுகம். முந்தித் தையல் மெசின் மாதிரி டிக் டிக் எண்டு அடிக்கும். இப்பக் கேட்டுப் பார், பூனை மாதிரி."

சுமித்திரா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"எப்பேயிருந்து இப்பிடி?"

"போன வருசம். நான் கலந்த எண்ணெயாலதான்."

"என்ன எண்ணெய்?"

"போட் எஞ்சினுக்குக் கலக்கிற எண்ணெய். இப்பத்தைய பெற்றோலில ஈயம் இல்லையாம், பழைய காரின்ர வால்வு தேயுமாம் எண்டு மருமகன் றெஜி போனில வாசிச்சுக் காட்டினவன். கடலில நாப்பது வருசம் எண்ணெய் கலந்துதானே ஓடினனான். இதுக்கும் விட்டன்."

"அண்ணை, இது போட் இல்லை. கரையில ஓடுறது."

கொட்டகையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். இருவரிடமும் பழைய கார் இருந்தது. இருவரும் சிரித்தார்கள்.

றெஜி வாசித்தது பொய்யில்லை. அந்த எஞ்சினில் வால்வு வந்து உட்காருகிற இடம் வெறும் வார்ப்பிரும்பு. ஈயம் அதன்மேல் படிந்து காத்தது. ஈயம் இல்லாத பெற்றோலில் அந்த இடம் தேய, வால்வு மேலும் மேலும் உள்ளே இறங்கும். வால்வின் மற்ற முனையில் இருக்கவேண்டிய மயிரிழை இடைவெளி அடைபடும். டிக் டிக் என்பது அந்த இடைவெளியின் சத்தம். அது அடைபட்டால் வால்வு முழுதாக மூடாது, இழுவை போய்விடும். கிறிஸ்தோப்பர் ஒரு வருடமாக நோயை மெச்சிக்கொண்டிருந்தார்.

"முல்லைத்தீவில ஒருத்தன் வான் ஒண்டின்ர டீசல் எஞ்சின் வைச்சிருக்கிறான். காரின்ர முன்பக்கத்தை வெட்டித்தான் இறக்க வேணுமாம்" என்றார் கிறிஸ்தோப்பர்.

"வெட்டினா வெட்டினதுதான் அண்ணை. எனக்கு ரெண்டு மாதம் தாங்கோ. உந்த எஞ்சின் இந்தப் பெற்றோலிலயே ஓடும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம்."

நின்றவர்களில் ஒருவர் சிவராசா. "ஓடாட்டில்?" என்றார்.

"ஓடாட்டில் வெட்டுறதுக்கு நானே வாறன். பிறகு பழைய கார் ஒண்டிலயும் கை வைக்கமாட்டன்."

அவளுக்குத் தைரியம் தந்தது மிளகாய்த் தோட்டத்து மெசின்தான். மண்ணெண்ணெயிலும் ஈயம் இல்லை. ஆனாலும் அதன் வால்வு இருபத்தைந்து வருடமாக இறங்கவில்லை. கழற்றிப் பார்த்தவளுக்குக் காரணம் தெரியும்: வால்வு உட்காருகிற இடத்தில் கடினமான உருக்கு வளையம் ஒன்று இறுக்கியிருந்தது.

எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனாள். லேத் பட்டறைச் செல்வநாயகம், புகை போகிற நாலு வால்வுக்கும் குழி கடைந்தார். உழவு மெசினின் வால்வு வளையங்களைச் சீவி நாலு வளையம் செய்தார். வளையம் குழியைவிட ஒரு துளி பெரிது. அப்போதுதான் கழன்று விழாது.

"தலைப்பாகத்தைச் சூடாக்கலாம். வளையம் நல்லாக் குளிர்ந்து சுருங்க வேணும். என்ர பிரிட்ஜின்ர குளிர் காணாது" என்றார்.

"ஐசை என்னட்டை விடுங்கோ" என்றார் கூட வந்திருந்த கிறிஸ்தோப்பர்.

நாலு வளையத்தையும் கொக்கிளாய்க்குக் கொண்டுபோய், நொறுக்கின ஐசும் உப்புமாக மீன்பெட்டியில் புதைத்தார். இரண்டாம் நாள் மாங்குளத்தில் சுமித்திராவையும் கூட்டிக்கொண்டு பெட்டியோடு பஸ் ஏறினார்.

"ஐயா, மீனைப் பின்னுக்கு வையுங்கோ" என்றான் கொண்டக்டர்.

"மீன் இல்லைத் தம்பி, இரும்பு."

"இரும்பு பழுதாப்போகும் எண்டே ஐசில வைச்சிருக்கிறியள்?"

"ஓம், வெயில்தானே" என்றாள் சுமித்திரா.

முன்சீற்றுக் கிழவர் வவுனியா வரும்வரை திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்தபடி வந்தார்.

பட்டறையில் தலைப்பாகம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. முதல் வளையம் விழுந்த கையோடு குழியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சரிந்து நின்றது. செல்வநாயகம் கையைப் பின்னுக்கு எடுத்தார். இன்னும் இரண்டு நொடியில் வளையமும் சூடேறிச் சரிந்தபடியே இறுகிவிடும். சுமித்திரா பழைய வால்வொன்றை அதன்மேல் நிமிர்த்திப் பிடித்து ஒரு அடி போட்டாள். டங் என்று இறங்கியது. நாலாவது தானாகப் போய் உட்கார்ந்தது.

"உனக்குக் கையும் நடுங்காதோ?" என்றார் செல்வநாயகம்.

"பிறகு நடுங்கலாம்."

அடுத்த கிழமையே கார் ஓடியது. வெறும் பெற்றோல். மாதா கோயில் திருநாளுக்கு ஆறு பேரோடு ஓடியது. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, ஒருமுறை கிளிநொச்சி. தொள்ளாயிரம் கட்டை ஆனதும் கிறிஸ்தோப்பர் அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். றெஜியும் வந்தான். சிவராசாவும் வந்து நின்றார்.

எஞ்சின் ஆறும்வரை சுமித்திரா தொடவில்லை. பிறகு மேல்மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டை எடுத்தாள். பூட்டிய அன்று வைத்த இடைவெளியின் அதே தடிப்பு. முதல் வால்வில் தகடு மெல்லிய இறுக்கத்தோடு போய் வந்தது. இரண்டாவதிலும் அதே இறுக்கம். மூன்றாவதில் தகட்டை இரண்டு முறை விட்டுப் பார்த்தாள். மாற்றமில்லை. நாலாவதில் தகட்டைக் கிறிஸ்தோப்பரின் கையில் கொடுத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டார். போனது.

"இறங்கேல்லையோ?" என்றார் சிவராசா.

"ஒரு மயிரளவும் இல்லை."

கிறிஸ்தோப்பர் வெளியே போய்ப் போனை எடுத்தார். "தம்பி, நான் கொக்கிளாய்க் கிறிஸ்தோப்பர். உங்கட டீசல் எஞ்சினை வேற ஆருக்கும் குடுங்கோ... இல்லையப்பா, காரை விக்கேல்லை. ஓடுது."

சுமித்திரா மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டாயிரம் கட்டை ஓடிப்போட்டுக் கொண்டுவாங்கோ அண்ணை."

"அதுதான் சரிவந்திட்டுதே பிள்ளை. பிறகென்ன பாக்க?"

"நீங்கள் பாக்க வேண்டாம். நான் பாக்க வேணும்" என்று கடைசி நட்டை முறுக்கினாள்.