ஆம்பூரில் தலைகீழாக வெட்டிய கார்ட்ராய்

காலை 7.10. வேலூர் புதிய பேருந்து நிலையம். நான் வந்த ரயில் ஆம்பூரில் நிற்காது. காட்பாடியில் இறங்கி இங்கே வந்து பஸ் பிடித்தேன். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மடியில் கார்ட்ராய் துண்டுகள் அடைத்த பை. சென்னையில் பதினாறு வருடமாக இந்தத் துணியைத்தான் விற்கிறேன். நாங்கள் அனுப்பிய துணியில் நிறம் சரியில்லை என்று ஆம்பூர் செருப்புக் கம்பெனி ஒன்று போன் செய்திருந்தது. என் துணியைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

8.05. மாதனூரில், தோல் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், துணி பூரா வரி வரியா இருக்கு?”

அங்குலத்துக்கு எட்டு வரி என்றால் தடிப்பு, கால்சட்டைக்கு. பதினான்கு வரி சட்டைக்கு. இருபத்தொன்று மெல்லிசு, குழந்தை உடுப்புக்கு என்றேன். அவர் ஒவ்வொன்றாகத் தடவினார்.

“சொகமா இருக்கு. தோலைத் தொட்டுத் தொட்டு எங்க கை மரத்துப் போச்சு.”

8.40. கம்பெனி மேலாளர் எங்கள் துணியில் தைத்த ஒரு ஜோடிச் செருப்பை என் முன் வைத்தார். இடது கால் காபிக்கொட்டை நிறம், வலது கால் வெளிறியிருந்தது. வலதை முன்பக்கம் பின்னால் வரும்படித் திருப்பினேன். இரண்டும் ஒரே நிறம். கார்ட்ராய் வரிகளில் இருக்கும் மெல்லிய மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். திருப்பி வெட்டினால் நிறம் மாறித் தெரியும். துணியில் குறையில்லை, வெட்டியதில்தான் என்று மார்தட்டாத குறையாகச் சொன்னேன்.

வெட்டியவரைக் கூப்பிட்டார்கள். அன்வர் பாய், ஐம்பது வயதிருக்கும்.

“துணி நல்லதுன்னா பாய் இனிமே இங்க இருக்க முடியாது. ஆர்டரே போச்சு” என்றார் மேலாளர்.

“தோல் இழுபடுறது ஒரே வாக்கா இருந்தா போதும் சார். தலைகீழா வச்சு வெட்டினா வேஸ்ட் கம்மி. இருபது வருஷமா அப்படித்தான் வெட்றேன். துணிக்கு வேறன்னு யாரும் சொல்லல.”

எங்களிடம் வாங்கும் தையல்காரர்கள் தடவியே பக்கம் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில், தோல்காரர்களுக்கு முதல் முறையாக விற்கிறோம் என்று தெரிந்தும், ரோலின் பின்பக்கம் மயிர் படியும் திசைக்கு அம்புக்குறி போடாமல் அனுப்பியவன் நான். வெட்கமாக இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

“அம்பு போட்டு அனுப்பியிருக்கணும். நான் போடல” என்றேன்.

“எழுதிக் கொடுப்பீங்களா?” என்றார் மேலாளர்.

எழுதிக் கையெழுத்திட்டேன். மேலாளர் அதை இரண்டு முறை படித்தார்.

“சரி பாய், நீங்க வெட்டுற மேசைக்கே போங்க.”

அன்வர் பாய் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. “மிச்ச ரோல் எந்தப் பக்கம்னு காட்டுங்க” என்று மட்டும் கேட்டார். இருவருமாக எல்லாவற்றிலும் சாக்பீஸால் அம்பு போட்டோம்.

11.30. ஆம்பூர் பேருந்து நிலையம். பிரியாணிக் கடைகளில் கூட்டம். எனக்குப் பசியே இல்லை. சென்னையில் எங்கள் கடைக்குத் துணி தெரியாதவர் வருவதில்லை. யாராவது என் கையில் ஒரு தோலைக் கொடுத்து வெட்டச் சொல்லியிருந்தால் நானும் பாழாக்கியிருப்பேன். பஸ் கிளம்பியதும் முதலாளியின் போன் வந்தது.

“துணியில குறை இல்லன்னு நிரூபிச்சுட்டியா?”

“நிரூபிச்சுட்டேன் முதலாளி. வெட்டினவர் மேலயும் குறை இல்ல. என் மேலதான். எழுதியே கொடுத்துட்டேன்.”