கேட்காமல் கொடுத்த விடுதலை

எங்கள் கடைக் கணினியில் விண்டோஸ் ஓடிய காலம் முழுக்க அது திருட்டுப் பிரதிதான். திரையின் மூலையில் 'இது அசல் அல்ல' என்று அதுவே எழுதிக் காட்டும். தாராவியில் கல்யாணக் கார்டு அடிக்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில், கொசுவைத் தவிர அசல் என்று வேறென்ன இருக்கிறது? நானும் என் மனைவியும் அதைக் கண்டுகொள்ளாமல் பிழைத்தோம். நான் அச்சு, கட்டிங், வாடிக்கையாளரிடம் வாயடிப்பது. அவள் டைப்பிங், டிசைன். அதாவது வேலை.

நாற்பத்தேழு வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும். எனக்குக் கொள்கை வந்தது. மாட்டுங்காவில் கட்டற்ற மென்பொருள் பற்றிய கூட்டம் ஒன்றுக்கு, காபி இலவசம் என்பதற்காகப் போயிருந்தேன். மேடையில் ஒருவர், "திருட்டுப் பூட்டை உங்க ஆத்துக் கதவுல நீங்களே மாட்டிண்டிருக்கேள். சாவி அவாகிட்ட இருக்கு" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காபி வேறு நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் செம்பூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். கடையைச் சாத்திக்கொண்டு விண்டோஸை அடியோடு அழித்து, கூட்டத்தில் சொன்ன கட்டற்ற லினக்ஸைப் போட்டேன். பழைய கார்டுகளையெல்லாம் பத்திரமாகப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவை திறக்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. புரட்சி செய்கிறவன் அதையெல்லாம் பார்ப்பானா?

திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எம் பொட்டிக்கு என்ன ஆச்சு?"

"விடுதலை ஆயிட்டு."

"யாருக்கு?"



அவள் பழைய டைப்ரைட்டர் முறையில் தட்டுகிறவள். கீழே பார்க்காமல் ஓடும் விரல்கள். அந்த முறையை இதில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அவள் டிசைனுக்கு வைத்திருந்த மென்பொருளும் இதில் ஓடாது. பென்டிரைவில் இருந்த கார்டுகளைத் திறந்தால் பிள்ளையார் பாதி வந்தார், எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. "ரெண்டு நாள்ல சரி பண்ணிருதேன்" என்றேன். ரெண்டு வாரம் அவள் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நின்றாள். நான் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, தமிழில் வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணக் கார்டு என்பது தேதியும் மண்டபமும் அல்ல. எந்தச் சித்தப்பாவுக்கு மேலே எந்தப் பெரியப்பா, தாய்மாமன்மார் எந்த வரிசை, எவர் பெயருக்குப் பின்னால் எந்தப் படிப்பு என்பதுதான். மூத்தவள் கல்யாணத்தில் பஞ்சாயத்துப் பண்ணி முடிவான வரிசையைத்தான் இளையவளுக்கும் போடுவார்கள். அந்த வரிசைகளெல்லாம் என் மனைவியின் கோப்புகளில் இருந்தன.

தேவ்நாரிலிருந்து ஒருவர் வந்தார், இளைய மகள் கல்யாணம். "போன கார்டு மாதிரியே போட்ரு. பொண்ணு மாப்பிள்ளை பேரு, தேதி, ஹால் மட்டும் மாத்து" என்றார்.

"வரிசை ஞாவகம் இருக்கா?" என்று அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் எந் தலையில இருக்கு" என்றேன்.

பழைய கார்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோப்பு திறக்கவில்லை என்று தெரிந்துவிடுமே. தலையிலிருந்தே அடித்தேன். அவர் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர். மாதிரியை வாங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, "ஏக்தம் சூப்பர்" என்றார். ஐந்நூறு கார்டு போனது.

நாலாம் நாள் அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு அண்ணன் தம்பி மூன்று பேர். நான் போட்டது இரண்டு பேர். விட்டுப்போனவர் பாண்டுப்பில் இருப்பவர். பல வருடம் பேசாமலிருந்து மூத்தவள் கல்யாணத்தில்தான் ராசியானவர். 'பேரே இல்லாத கல்யாணத்துக்கு நான் எதுக்கு' என்று கார்டைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அவர்கள் என்னைத் திட்டவில்லை. அவளிடம் போனார்கள்.

"யக்கா, உங் கையின்னுதான நாங்க வாசிச்சுக்கூடப் பாக்கல? இப்பிடிப் பண்ணிட்டீயே!"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அவள் அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எந் தப்புதான். நாளைக்கு வேற கார்டு தாரேன். பாண்டுப்புக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கேன்" என்றாள்.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனாள். எங்கள் போட்டிக்காரர் கடை. அங்கே அதே திருட்டு விண்டோஸ், அதே பழைய மென்பொருள். கோப்பு உடனே திறந்தது. மூன்று மாமன்மாரும் வரிசையாக வந்து நின்றார்கள். அவள் தட்டுகிற வேகத்தைப் போட்டிக்காரர் அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தார்.

பாண்டுப் மாமன் கல்யாணத்துக்கு வந்தார். அவள்தான் எங்கள் கடைக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எதிர்க்கடையில் வேலை.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பழையதையே திரும்பப் போட்ருதேன். வந்துரு."

"போடுங்க, போடாட்டிப் போங்க. அதுவா இப்ப பிரச்சன? அங்க ஒரு மவுஸ மாத்தணும்னாலும் எங்கிட்டக் கேக்காவ. நீங்க ஒரு வார்த்த கேட்டீயளா?" ரசத்தை ஊற்றினாள். "அந்தக் கல்யாண வீட்டுக்காரவ்வொ முன்னால நாந்தான் தப்புன்னு நின்னேன்லா. அப்பமாவது வாயத் தெறந்தீயளா?"

விண்டோஸை நான் திரும்பப் போடவில்லை. கொள்கைப் பிடிப்பு என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். போட்டாலும் அதன் முன்னால் உட்கார ஆளில்லை. கடையில் இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் பாரம் நிரப்புவதும்தான்.

கார்டு அடிக்க வருகிறவர்கள் வாசலில் நின்று, "அக்கா இல்லியா?" என்கிறார்கள். எதிர்க்கடையைக் கை காட்டுகிறேன். சிலர் போகிற போக்கில் என் திரையை எட்டிப் பார்த்து, இது என்ன புதுசாக இருக்கிறதே என்று கேட்பார்கள். முன்பெல்லாம் விளக்குவேன்.