பஸ் போன பிறகு வரும் நீலம்

சகாயம் சார் இனி இல்லை... காலையில் அவர் தங்கை மேரி போன் செய்து சொன்னார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. சேலத்துக் கடைகளுக்கு நியான் போர்டு செய்தவர். கண்ணாடிக் குழாயை நெருப்பில் வாட்டி, வளைத்து, எழுத்தாக்குவார். ஆனால் ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டையில் அவர் வீட்டுச் சுவரில் எழுத்தே கிடையாது. முக்கோணம், சதுரம், வட்டம்... எல்லாம் வெறும் வெளிச்சத்தில்.

எண்பதுகளில் அங்கே பள்ளியில் நான் கணக்கு டீச்சர். குடியிருந்தது ஏற்காடு டவுனில். பஸ் ஸ்டாப் சார் வீட்டு வாசலில்தான். சாயங்காலம் குளிரில் நிற்க விடாமல் மேரி உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்.

மேஜை நிறைய கிராஃப் தாள். சார் எந்த உருவம் வரைந்தாலும் ஓரிடத்தில் கோடு சேராமல் நிற்கும். என் கண்ணுக்கு அது தப்பு.

"முக்கோணம்னா மூடணும் சார். என் பரீட்சையில மார்க் கிடையாது."

"மூடிட்டா எரியாதுங்க டீச்சர். கரண்டு ஏற கொழாய்க்கு ரெண்டு முனை வேணுமுங்க. உங்க மார்க்க வெச்சா எனக்கு லைட் எரியப் போவுது?"

மறுநாளே வகுப்பில் அதை உதாரணமாகச் சொன்னேன். மூடிய உருவம், திறந்த உருவம்... பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது.

ஒரு நாள் எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம் கூடத் தெரியாத மூடுபனி. ஜன்னலுக்கு நேரே சுவரில் சிவப்பு முக்கோணம் எரிந்துகொண்டிருந்தது. பஸ் வந்தது, தூரத்திலேயே நின்றது... ஹாரன் மேல் ஹாரன்.

கடைசியில் டிரைவர் இறங்கி வந்து கத்தினார். "ஏனுங்க, ஆரு வண்டிங்க அது? பிரேக் லைட்டப் போட்டுட்டு நடு ரோட்டுல... எடுங்க!"

"எடுக்க முடியாதுங்க. செவுத்துல ஆணி அடிச்சிருக்குது" என்றார் சார்.

பஸ்ஸே சிரித்தது. அதன் பிறகு பனி இறங்கினால் அந்த முக்கோணத்தைப் போட்டு வைக்கச் சொல்லி டிரைவரே கேட்டுக்கொண்டார். ஸ்டாப் தெரியுமாம்.

எனக்குப் பிடித்தது நீல வட்டம். ஆள் உயரம் இருக்கும். நீலக் குழாய் குளிரில் உடனே எரியாது... முதலில் சாம்பல் மாதிரி வெளிறிக் கிடக்கும், பிறகு மெல்ல மெல்ல நிறம் ஏறும். அதற்குள் கடைசி பஸ் வந்துவிடும்.

"இன்னுங் கொஞ்சம் இருங்க டீச்சர். முழுசா வந்துரும்."

"நாளைக்குப் பாக்கறேன் சார்."

எத்தனை சாயங்காலம் இப்படி... பிறகு மதுரைக்கு மாறுதல் வந்தது. அப்படியே இங்கேயே இருந்துவிட்டேன்.

இங்கே நகைக்கடை வாசலில் நீல நியான் பார்த்தால் கால் நின்றுவிடும். இது வெயில் ஊர், போட்டவுடன் எரிந்துவிடுகிறது. அது இல்லை இது.

காலையில் மேரியிடம் கேட்டேன், அந்த வட்டம் இருக்கிறதா என்று.

"இருக்குதுங்க டீச்சர். டெய்லி போட்டுட்டு முன்னால உக்காந்துக்குவாரு. பஸ் போன பொறவுதான் நொம்ப நல்லா வருதும்பாரு."

நாளை மலைக்குப் போகிறேன். நான் வந்த பிறகு சுவிட்சைப் போட்டால் போதும் என்று மேரியிடம் சொல்லியிருக்கிறேன்.

பஸ் போகட்டும் சார்... நான் உட்கார்ந்திருக்கிறேன்.