தேவமணி அக்காவின் கைப்பிடி அரிசி

எங்கள் அக்கா தேவமணி இப்போது திருப்பூரில், மகன் செல்வின் வீட்டில் இருக்கிறாள். ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். சாயங்காலமானால் அவள் பாட்டுப் பாடி ஜெபிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். "மெதுவாப் பாடுக்கா, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்று நான் இங்கிருந்தே கத்துவேன். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது, போங்கள்.

எங்கள் சபையில் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் முதலில் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டுவோம். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். நான் பாதி நாள் மறந்துவிடுவேன். அக்கா மறந்ததே இல்லை. வாழைத்தார் ஏற்றிப்போன லாரி கவிழ்ந்து அத்தான் செத்தபோது அவள் கையில் நடை பழகுகிற பிள்ளை. வாழைத்தோட்ட வேலைக்குப் போய் அவனை வளர்த்தாள். கஷ்டம் முற்றினால் கோயிலுக்குப் போய்த் தூணோரம் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். "அவரை விட்டா எனக்கு யாருட்டீ இருக்கா?" என்பாள். "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஐப்பசி அடைமழை. வேலை இல்லை. நானும் மாமியார் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டில் கைப்பிடிப் பானையைத் தவிர வேறெங்கும் அரிசி இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயசு செல்வின், "அந்தப் பானையில இருக்கேம்மா" என்று கேட்டிருக்கிறான். "அது ஆண்டவருக்குக் குடுத்ததுலே, தொடக்கூடாது" என்று சொல்லி, பச்சைத்தண்ணீரைக் குடிக்கவைத்துப் படுக்கப் போட்டிருக்கிறாள். அவளும் பட்டினிதான். ஊர் திரும்பி இதைக் கேட்டதும் அவளைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டேன்.

பையன் அதை மறக்கவே இல்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன், பிறகு ஊர்ப்பக்கம் வருவதையே விட்டுவிட்டான். நான் போன் போட்டால், "அம்மாவுக்குத்தான் அவ ஆண்டவர் இருக்காருல்லா சித்தி" என்பான். அக்கா அதற்கும் தூணோரம் போய்த்தான் அழுதாள்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. மேட்டில் இருந்த கோயில் ஒன்றுதான் தப்பியது. எல்லோரும் அங்கே ஏறினோம். பக்கத்துத் தெரு மஹ்மூதா பீவியும் மருமகள் ஷம்ஸியாவையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கரண்டு இல்லை, போன் இல்லை. மறுநாள் மத்தியானம்வரை பிள்ளைகள் வாயில் வைக்க ஒரு பிஸ்கட்கூட இல்லை.

பின்னறையில் மூட்டை மூட்டையாகக் கைப்பிடி அரிசி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஊர்கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்காகச் சேர்த்தது. குருவானவரோ வெள்ளத்துக்கு அக்கரையில். அவருக்குக் கீழே கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் கையைப் பிசைந்தார். "காணிக்கை அரிசி. நான் எப்படித் தொடச் சொல்ல? தேவமணியம்மா, நீங்க சொல்லுங்க" என்றார். ஊரிலேயே அந்த அரிசிக்கு அவ்வளவு பயந்தவள் அவள்தானே. அவள் சரியென்றால் ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள்.

அக்கா முகம் செத்துப்போயிற்று. இன்றைக்குத் தொடலாமென்றால், அன்றைக்குப் பெற்ற பிள்ளைக்கு ஏன் தொடவில்லை? அவள் மனசில் அதுதான் ஓடுகிறதென்று எனக்குத் தெரிந்தது.

ஷம்ஸியாவின் பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போய்க் கிடந்தது. அக்கா பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றாள். கொஞ்ச நேரம்தான். எழுந்து வந்து, "அண்டாவை எடுங்கட்டீ" என்றாள்.

பழைய பெஞ்சுகளை உடைத்து அடுப்பு மூட்டி, மழைத்தண்ணீரில் உலை வைத்தோம். சுளவில் அரிசியைப் புடைத்துக் கொண்டுவந்த அக்கா, பழக்க தோஷத்தில் ஒரு பிடியை அள்ளித் தனியே வைக்கப் போனாள். போனவள் கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டாள். எல்லாமே ஆண்டவர் அரிசி. இதில் அவருக்கென்று எதைத் தனியே எடுக்க? மஹ்மூதா பீவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உலையில போடுங்கக்கா, பிள்ள அழுவுது" என்றாள். அக்கா போட்டாள்.

எல்லோரும் கஞ்சி குடித்தார்கள், அக்கா மட்டும் குடிக்கவில்லை. "இப்பவும் பட்டினி கெடக்கணுமா உனக்கு?" என்று அதட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்ட கேட்டேன்ட்டீ. அவரு கோவப்படவே இல்ல. அன்னைக்கும் கோவப்பட்டிருக்க மாட்டாரு. நான்தான் கேக்கல. எம் பிள்ளையப் பட்டினி போட்டுட்டேனே!" என்று ஏங்கி ஏங்கி அழுதாள்.

தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்த அன்று, செல்வின் அந்தத் தண்ணீருக்குள் நடந்தே கோயிலுக்கு வந்துவிட்டான். அக்கா வா என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கஞ்சியை மோந்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஆண்டவரு அரிசிலே. குடி."

மீசை நரைக்கத் தொடங்கிய ஆம்பளை, ஈரத்துணியோடு படியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் அவ்வளவையும் குடித்தான். பிறகு, "இன்னுங் கொஞ்சம் தாம்மா" என்றான்.